பெரியவர் கேட்ட ஒரு சுளை

வாசலில் ஆட்டோ வந்து நின்ற சத்தம் அடங்குவதற்குள் பலாப்பழ வாசனை அடுப்படி வரை வந்துவிட்டது. கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாஞ்சாலியின் கை அப்படியே நின்றது.

அந்த வாசனை வந்தால் கூடவே ஒரு குரலும் வரும். மூன்று வருடமாக அப்படித்தான். “எம்மா பாஞ்சாலி... ஒரே ஒரு சுளைம்மா...” என்று கெஞ்சுகிற குரல். அந்தக் குரலுக்கு உரியவர் அவளுடைய மாமனார் தாண்டவராயன். இதே ஆனி மாதத்தில்தான் அவர் கண்ணை மூடினார். உடம்பைச் சுடுகாட்டுக்குக் கொண்டு போனார்கள். குரல் மட்டும் நடுவறையிலேயே தங்கிவிட்டது.

இடுப்பில் கோணியால் சுற்றிய பாதிப் பலாப்பழத்தோடு குப்பம்மாள் உள்ளே வந்தாள். பாஞ்சாலியின் வீட்டுக்காரர் சின்னதுரைக்கு அக்கா. விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டவள். அறுபதைத் தாண்டியும் முதுகு வளையாதவள், பேச்சிலும் வளையாதவள். அமாவாசை என்றால் முதல் பஸ் பிடித்துத் திண்டிவனம் வந்து, அங்கிருந்து கிளியனூர் சாலையில் இருக்கும் இந்த ஊருக்கு ஆட்டோ வைத்து வந்துவிடுவாள். ஆனியில் அப்பனுக்குப் படைக்கப் பலாப்பழம் மகள் கையால்தான் வரவேண்டும் என்பது அவள் வைத்த சட்டம்.

“வாங்க அண்ணி” என்று பாஞ்சாலி எழுந்தாள். குப்பம்மாள் அவள் பக்கம் திரும்பவில்லை. பழத்தை இறக்கி வைத்துவிட்டு நேராகத் தம்பியிடம் போனாள்.

சின்னதுரை நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட வலது காலை முக்காலியில் நீட்டியிருந்தார். கட்டைவிரலில் இரண்டு மாதமாக ஆறாத புண். விழுப்புரத்து டாக்டர் பதினைந்து நாள் தவணை கொடுத்திருந்தார். அதற்குள் சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். தாண்டவராயனுக்கும் முதலில் விரலைத்தான் எடுத்தார்கள். அப்புறம் பாதம், அப்புறம் முழங்கால். இதைத் தெரியாதவர்கள் அந்த வீட்டில் இல்லை.

குப்பம்மாள் வந்த காரியத்தை உட்காருவதற்கு முன்பே சொன்னாள். இந்த அமாவாசை படையலில் தலைமகன் அவள் கண்ணெதிரே முதல் சுளையைத் தின்ன வேண்டும். ஆசை அடங்காமல் போன உயிர் வீட்டைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. சித்திரையில் சீப்பு வாழைப்பழம் வைத்தோம், கதவைத் திறந்தால் பாதிதான் இருந்தது. வைகாசியில் மாம்பழம் அறுத்து வைத்தோம், அதுவும் குறைந்திருந்தது. கண்ணால் பார்த்த பிறகும் சும்மா இருக்கலாமா? சாயந்திரம் மேல்மலையனூருக்கு வேன் சொல்லியாகிவிட்டது, பங்காளி வீட்டார் நாலு குடும்பம் வருகிறார்கள். அங்காளம்மன் வாசலில் பாஞ்சாலி தலைமுடியை அவிழ்த்துப் போட்டு விழுந்து, மாமனாரைப் பட்டினி போட்டதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்.

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் கலைப்பிரியா வாசற்படியில் நின்றுவிட்டாள். திண்டிவனத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிற பெண். தகப்பனுக்கு அரிசியை விட்டு முட்டையும் கீரையுமாகச் சாப்பாட்டு முறையை எழுதிக் கொடுத்தவள் அவள்தான்.

“அத்த, அப்பாவுக்கு மட்டும் பழம் குடுத்துடாதீங்க. உங்க கால்ல வேணா வுழறேன்.”

“ஒங்கப்பன் இன்னா கோழியாடி? எந்நேரமும் முட்டைய வச்சிக்கினு உக்கார்றதுக்கு?”

சின்னதுரை கூடச் சிரித்தார். பாஞ்சாலி சிரிக்கவில்லை. மகளைக் கண்ணால் ஜாடை காட்டி அனுப்பினாள். வயசுப் பெண் எதிரில் பேசுகிற பேச்சு இல்லை இது.

ஐந்து மாதமாக அந்த வீட்டில் உலையில் போடும் அரிசி விருந்தாளிக்குத்தான். இட்லி இல்லை, கேப்பைக் களி இல்லை. முட்டை, கீரை, மீன், கெட்டித் தயிர். பழம் என்றால் அளவு உண்டு. கனியாத கொய்யாவில் பாதி, உப்பும் மிளகும் தூவி. இரண்டு நெல்லிக்காய். ஒரு சில்லுத் தேங்காய். அதுவும் சாப்பாட்டோடு சேர்த்துத்தான், வெறும் வயிற்றில் பழம் கூடாது, சாறு பிழிந்து குடிக்கவே கூடாது என்று கலைப்பிரியா எழுதி பிரிட்ஜில் ஒட்டியிருந்தாள். மா, பலா, வாழை, சப்போட்டா எல்லாம் கண்ணால் பார்ப்பதோடு சரி. பழத்தில் இருப்பதும் சர்க்கரைதான், மரத்தில் காய்த்ததால் அது மருந்தாகிவிடாது என்று அந்தப் பெண் எத்தனையோ முறை சொன்னாள்.

பாஞ்சாலியும் அதையேதான் சாப்பிட்டாள். அவளுக்குச் சர்க்கரை இல்லை. ஆனால் அவர் எதிரில் உட்கார்ந்து சோறு பிசைய அவளுக்குக் கை வரவில்லை. முதல் மாதம் தலை பிளக்கிறாற்போல வலித்தது. வெல்லப் பானையைக் கடந்து போகும்போது நாக்கில் எச்சில் ஊறியதை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

சாயந்திரம் நாலு மணிதான் பொல்லாத நேரம். நாலு மணிக்கு சின்னதுரை எழுந்து நடக்க ஆரம்பிப்பார். டப்பாக்களைத் திறந்து பார்ப்பார். ஒன்றுமில்லாததற்கு எரிந்து விழுவார். உப்புப் போட்ட மோரைக் கொடு, கிணறு வரை பேச்சுக் கொடுத்து நடத்திக்கொண்டு போ, கால் மணி நேரத்தில் அந்த வேகம் தணிந்துவிடும், மூன்று வாரம் தாண்டினால் நாக்கு படிந்துவிடும் என்று கலைப்பிரியா சொல்லிக் கொடுத்திருந்தாள். அது நடந்தது. சர்க்கரை இறங்கிக்கொண்டேதான் வந்தது. அமாவாசை வரும் வரை.

ஒவ்வொரு அமாவாசைக்கும் அடுத்த வாரம் சர்க்கரை ஏறியது. ஒரு நாள் ருசி கண்ட நாக்கு பத்து நாள் கேட்டது. திண்டிவனம் கடைத்தெருவில் அவர் வாழைப்பழம் உரித்துக்கொண்டு நின்றதை யாரோ பார்த்ததாகவும் சொன்னார்கள். மகளுக்குப் புரியவில்லை. மாத்திரையை மாற்ற வேண்டுமோ என்று குழம்பினாள். பாஞ்சாலி குழம்பவில்லை. வைகாசி அமாவாசையன்று துவைக்கப் போட்ட சட்டையின் கைமடிப்பில் மாம்பழச் சாறு மஞ்சளாகப் பிடித்திருந்தது. இரண்டு முறை சோப்புப் போட்டுக் கசக்கி, கறை போன பிறகே கொடியில் போட்டாள். யாரிடமும் மூச்சுவிடவில்லை.

ஊரில் நாலு பேர் வழக்கென்றால் தேடி வருகிற மனிதர். கோயில் கூட்டத்தில் எழுந்து நின்று, சர்க்கரையை விட்டுவிட்டேன், நீங்களும் விடுங்கள் என்று எல்லோருக்கும் புத்தி சொன்னவர். அவர் செத்துப்போன தகப்பனின் படையலிலிருந்து திருடித் தின்கிறார் என்று வெளியே தெரிந்தால் அந்தக் குடும்பம் எந்த முகத்தோடு தெருவில் நடக்கும்? பெரியவர் ஆவி வந்து தின்கிறது என்று நாத்தனார் சொன்னாள். சொல்லட்டும் என்று பாஞ்சாலி விட்டுவிட்டாள். மருமகள் பட்டினி போட்டதால் வந்த ஆவி என்று தெருவே சேர்த்துச் சொன்னது. அதையும் விட்டுவிட்டாள். தண்ணீர் பிடிக்கப் போனால் பேச்சு நின்றுவிடும். சீமந்த வீட்டில் பரிமாற அவளைக் கூப்பிடுவதில்லை.

ஆனால் பாஞ்சாலியின் நெஞ்சில் கனத்தது இது இல்லை.

மாமனாரின் கடைசி வாரம் அது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து நடுவறைக் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். இனிப்பு, பழம் எதுவும் தரக்கூடாது என்று சின்னதுரையின் கண்டிப்பான உத்தரவு. குப்பம்மாள் அப்போதும் ஒரு பலாப்பழம் கொண்டுவந்து வைத்துவிட்டு ஊருக்குப் போயிருந்தாள், தம்பி அதைத் தொடவிடவில்லை. கிழவர் ஒவ்வொரு நாளும் நாலு மணிக்குக் கேட்டார். ஐந்து நாள் இல்லை மாமா, இல்லை மாமா என்று சொன்னாள். ஆறாவது நாள் வீட்டில் யாரும் இல்லாதபோது அவளால் முடியவில்லை. ஒரு சுளையை எடுத்துக் கொட்டையை நீக்கி, நாராகக் கிழித்து, அவர் வாயில் வைத்தாள்.

மறுநாள் விடியும் முன் உயிர் போய்விட்டது.

கொடுக்கவில்லை என்று ஊர் அவளைத் தூற்றியது. கொடுத்ததனால்தான் போனார் என்று அவள் மனசு அவளைத் தின்றது. வாயைத் திறந்தால் கொலைகாரி. மூடிக்கொண்டால் கல்நெஞ்சக்காரி. அவள் இரண்டாவதை எடுத்துக்கொண்டு மூன்று வருடம் வாழ்ந்துவிட்டாள்.

பகல் பன்னிரண்டு மணிக்குப் படையல். பெரியவர் படத்துக்கு மாலை, தலைவாழை இலை, ஐந்து காய்க் கறி, வடை, பாயசம். இலையோரம் ஒரு தட்டில் பலாச்சுளைகளைக் குப்பம்மாள் தன் கையால் அடுக்கினாள். கற்பூரம் காட்டிக் கும்பிட்டார்கள். முன்னோர் வந்து சாப்பிடும் நேரத்தில் யாரும் பார்க்கக் கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். எல்லோரும் வெளியே வந்து நடுவறைக் கதவைச் சாத்தினார்கள். குப்பம்மாள் கதவுக்கு எதிரே பாய் போட்டு உட்கார்ந்தாள். சின்னதுரை காக்கைக்குச் சோறு வைக்க இலைத்துண்டோடு, காலை இழுத்து இழுத்து வீட்டுக்குப் பின்னால் போனார். நடுவறைக்குத் தோட்டப் பக்கம் ஒரு சின்னக் கதவு உண்டு.

பாஞ்சாலி செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். காக்கைச் சோறு மதில்மேல் இருந்தது. ஆளில்லை. சின்னக் கதவு ஒருக்களித்திருந்தது.

உள்ளே தட்டுக்கு எதிரே சின்னதுரை தரையில் உட்கார்ந்திருந்தார். வாயில் ஒரு சுளை, கையில் இரண்டு. ருசித்துத் தின்கிறவர் முகமாக அது இல்லை. கண்ணிலிருந்து நீர் வழிந்து மீசையில் இறங்கிக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும் மறைக்கக்கூட இல்லை.

“நான் இல்ல பாஞ்சாலி” என்றார் தாழ்ந்த குரலில். “அப்பா கேக்கறாரு. நாலு மணி ஆனா எனக்குள்ள வந்து குந்திக்கினு கேக்கறாரு. அவருக்குக் குடுக்காதன்னு சொன்ன வாய் இது... இப்ப நான் இன்னா பண்றது?”

பாஞ்சாலி செம்பைக் கீழே வைத்தாள். ருசிக்காகத் திருடுகிறார் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். அவரும் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஒரே வீட்டில், ஒரே கட்டிலுக்குப் பக்கத்தில், ஒருவருக்கொருவர் தெரியாமல்.

“குடுங்க, கையில இருக்கறத எங்கிட்ட குடுங்க” என்று குனிந்தாள். பேச்சுச் சத்தம் கேட்டு முன்கதவு திறந்தது.

குப்பம்மாள் வாசற்படியில் நின்றாள். தம்பியின் வாயைப் பார்த்தாள், கண்ணீரைப் பார்த்தாள். ஒரு நொடிதான். அவள் கோபப்படவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்து, “அப்பா... வந்துட்டியாப்பா... எந்தம்பி மேல வந்துட்டியா...” என்று அப்படியே மண்டியிட்டாள். தட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, சுளையைக் கொட்டை நீக்கித் தம்பியின் வாயில் ஊட்ட ஆரம்பித்தாள். “தின்னுப்பா. வயிறு ரொம்பத் தின்னு. இனிமே ஒன்ன யாரும் தடுக்கமாட்டாங்க.”

ஒன்று. இரண்டு. சின்னதுரை கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். மூன்றாவது சுளை உதட்டருகே போனபோது பாஞ்சாலி நாத்தனாரின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

முப்பது வருடத்தில் அவள் குப்பம்மாளுக்கு எதிராகக் குரலைக்கூட உயர்த்தியதில்லை.

“வுடுங்க அண்ணி. அது மாமா இல்ல.”

“கைய எடுடி. குடுக்காம சாவடிச்சவ நீ...”

“குடுத்தேன்.”

குப்பம்மாளின் கை அந்தரத்தில் நின்றது. சின்னதுரை கண்ணைத் திறந்தார்.

“மாமாவுக்கு நான் குடுத்தேன், கடைசி சாயங்காலம், இந்தக் கையாலதான். கேட்டத தின்னுட்டுதான் போனாரு. அவுரு பசியோட சுத்தல அண்ணி. அவுரு எதுக்கு வரப்போறாரு? நீங்க ஊட்டறது உங்க தம்பி கால வெட்டறதுக்கு.” பிடித்த மணிக்கட்டை அவள் விடவில்லை. “நான் குடுத்ததால போனாரோ இன்னாவோ... அதுக்கு என்னிய இன்னா வேணா பண்ணுங்க. இவர வுட்டுடுங்க.”

சொல்லி முடித்ததும் சுவரில் சாய்ந்தாள்.

குப்பம்மாளின் முகம் கறுத்தது. உதடு கோணியது. “அப்ப எங்கப்பன நீதான்...” என்று ஆரம்பித்தாள்.

“அக்கா.” சின்னதுரையின் குரல் அறையை நிறைத்தது. பஞ்சாயத்தில் பேசுகிற குரல் அது. ஆனால் அடுத்த வார்த்தையிலேயே உடைந்துவிட்டது. “டாக்டர் குடுக்கச் சொன்னாரு அக்கா.”

இரண்டு பெண்களும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய அன்று டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டிருக்கிறார். கிட்னி இரண்டும் நின்றுபோய்விட்டன, இனி மருந்தில் ஒன்றும் இல்லை, ஒரு வாரம் போனால் அதிகம், அவர் கேட்டதை எல்லாம் கொடுங்கள், மனசு குளிரப் போகட்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். கேட்டதைக் கொடுத்தால் அப்பா சாகப் போகிறார் என்று தானே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று அவருக்குப் பயம். பத்தியம் காத்தால் இன்னும் கொஞ்ச நாள் இருப்பார் என்று ஒரு குருட்டு நம்பிக்கை. அந்தப் பேச்சை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து பழம் கொடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். அப்பா போன பிறகு ஊர் பாஞ்சாலியைப் பேசியது. தடுத்தது நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“ஊரு நாயம் பேசறவன் நானு. எம்பொண்டாட்டி தலையில எம்பாவத்த ஏத்திட்டு சும்மா இருந்தேன்” என்றார். “நீ மட்டும் குடுக்கலன்னா... அவர நான் பட்டினியோட அனுப்பியிருப்பேன் பாஞ்சாலி.”

வெளியே காக்கைகள் சோற்றுக்குச் சண்டையிடும் சத்தம் மட்டும் கேட்டது. பாஞ்சாலி சுவரோரமாக மெல்லச் சரிந்து உட்கார்ந்தாள். தான் கொல்லவில்லை என்பது அவள் அறிவுக்கு எட்டுவதற்கே நேரமாயிற்று. எட்டிய பிறகு அழுகை வந்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

குப்பம்மாள்தான் முதலில் கேட்டாள். அந்தக் குரலில் விறைப்பு இல்லை. தகப்பனை இழந்த பெண்ணின் குரலாக இருந்தது. “எப்பிடித் தின்னாரு?”

“மெதுவா... பல்லு ஏது அவருக்கு? நாரு நாரா கிழிச்சு வச்சேன். ரொம்ப நேரம் மென்னாரு. கண்ண மூடிக்கினாரு. இன்னொண்ணு குடுக்கட்டுமா மாமான்னு கேட்டேன்.” பாஞ்சாலி கண்ணைத் துடைத்தாள். “போதும்மான்னாரு.”

“போதும்னாரா?” என்றார் சின்னதுரை.

“போதும்னாரு. வாயத் தொடச்சி வுடச் சொன்னாரு. தொடச்சி வுட்டேன். அப்புறம் தூங்கிட்டாரு.”

சின்னதுரை கையில் பிசுபிசுத்துக்கொண்டிருந்த இரண்டு சுளைகளையும் வெகுநேரம் பார்த்தார். “அப்ப இவ்ளோ நாளா கேட்டுக்கினு இருந்தது எந்நாக்குதானா...” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். சுளைகளைத் தட்டில் வைத்தார். செம்புத் தண்ணீரை எடுத்து வாயைக் கொப்பளித்தார். எழுந்திருக்க அவருக்குத் துணை வேண்டியிருந்தது. பாஞ்சாலியிடம் கையை நீட்டினார். அப்பா என்றால் மறுக்க முடியாது. நாக்குத்தான் என்றால் அதோடு மல்லுக்கு நிற்கலாம். மோர் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றாள்.

குப்பம்மாள் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என்ன செய்வதென்று அந்தப் பெரிய கைகளுக்குத் தெரியவில்லை. கடைசியில் பாஞ்சாலியின் தலையைப் பிடித்துத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள். மன்னிப்பு என்கிற வார்த்தை அந்த வீட்டுப் பெண்கள் வாயில் வந்து பழக்கமில்லை. அவள் அதைச் சொல்லவும் இல்லை. “மூணு வருசமா தெருத்தெருவா ஒன்னப் பேசினேனே... நீ வாயத் தொறக்கலியேடி” என்றாள். இரண்டு பேரும் சத்தமில்லாமல் அழுதார்கள்.

பிறகு குப்பம்மாள் முகத்தைக் கழுவினாள். கொண்டையை இறுக்கி முடிந்தாள். வேன்காரனுக்குப் போன் போட்டு வரவேண்டாம் என்றாள். மீதிச் சுளைகளை எல்லாம் தாம்பாளத்தில் கொட்டிக்கொண்டாள்.

“எங்க போறீங்க அண்ணி?”

“படையல் பழத்தத் தெருவுக்குக் குடுக்கணும் இல்ல?”

பாஞ்சாலிக்குப் புரிந்தது. “வேணாம் அண்ணி. வூட்டுப் பேச்சு வூட்டோட இருக்கட்டும். அவுரு பேரு கெட்டுடும்.”

“அவன் தின்னத நான் எதுக்குச் சொல்லப் போறேன்?” குப்பம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. “நான் பேசினத நானே போய் எடுக்கணும். வேற யாரு எடுப்பாங்க?”

முதுகு வளையாமல் தெருவில் இறங்கினாள். முதல் வீடு பங்காளி வீடு. அங்கேதான் பேச்சு அதிகம் விளைந்தது. பாஞ்சாலி உள்ளே சின்னதுரையின் காலடியில் உட்கார்ந்து கட்டை அவிழ்த்துப் புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தாள். மத்தியான அமைதியில் நாத்தனாரின் குரல் தெளிவாக வந்தது.

“எடுத்துக்கோங்க. எங்கப்பாவுக்குப் படைச்சது. எங்கப்பா கேட்டத தின்னுட்டு, போதும்னு சொல்லிட்டுதான் போனாரு. ஊட்டி வுட்டது எங்க பாஞ்சாலி. நான் சொன்னதுலாம் தப்பு.”

அடுத்த வீட்டிலும் அதையே சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அதற்கடுத்த வீட்டில் யாரோ ஏதோ குத்தலாகக் கேட்டார்கள் போலிருக்கிறது. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பாஞ்சாலியின் கை நின்றது. சின்னதுரையும் தலையைத் தூக்கினார்.

குப்பம்மாளின் குரல் கம்மியிருந்தது. ஆனாலும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.